எல்லை தாண்டாத கறிவேப்பிலை

எங்கள் பெரியம்மா ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் மூத்த மகளோடு இருக்கிறார். வீட்டின் பின்வளவில் அவர் கையால் நட்ட கறிவேப்பிலை மரம் ஒன்று நிற்கிறது. அங்கு குளிர் அவ்வளவு கடுமையில்லை. மரம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, வேரிலிருந்து பக்கக் கன்றுகளும் வெடித்திருந்தன. 2013ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் வாழும் இளைய மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது பெரியம்மா அங்கு புறப்பட்டார். மகளுக்குக் கொண்டுபோக அவர் தெரிந்தெடுத்தது நகையுமல்ல, சேலையுமல்ல. ஒரு சாடியில் பதியமாகியிருந்த கறிவேப்பிலைக் கன்று.

"கடையில வாங்கிற இலைக்கு மணம் இல்லை எண்டு பிள்ளை ஒவ்வொரு நாளும் சொல்லுறாள்" என்பது அவருடைய நியாயம்.

மருமகன் காரை ஓட்ட, பெரியம்மா சாடியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணம் செய்தார். டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா என்று மூன்று மாநிலங்களைக் கடந்தாயிற்று. கலிபோர்னியாவின் எல்லையில் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு சோதனைச் சாவடி. சீருடை அணிந்த ஒருவர் குனிந்து, "பழம், மரக்கறி, செடி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார். மருமகன் வாய் திறக்குமுன் பெரியம்மா சாடியை உயர்த்திக் காட்டிவிட்டார். மறைக்க வேண்டிய பொருள் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவ்வளவுதான். கன்று போயிற்று. கையில் ஒரு துண்டுத் தாள் மிஞ்சியது.

அன்றிரவு தொலைபேசியில் அவர் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்: "ரெண்டு நாள் மடியில வைச்சுக்கொண்டு வந்தனான் பிள்ளை. கஞ்சாச் செடியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு போட்டான்." நானும் அவரோடு சேர்ந்து கோபப்பட்டேன். ஒரே நாட்டுக்குள், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுபோக முடியாதா? இதென்ன சட்டம்?

அந்தக் கோபத்தில்தான் இதைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத பயணி

கறிவேப்பிலை, தேசி, தோடை, வில்வம், விளா எல்லாம் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் உறவு தெரியும். இந்தக் குடும்பத்தின் இளந்தளிர்களை நாடி வரும் ஒரு பூச்சி உண்டு. மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளந்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, இலையில் சாய்வாகக் குத்தி நிற்கும். ஆங்கிலத்தில் இதைச் 'சிட்ரஸ் சில்லிட்' என்கிறார்கள். நாம் தோடைத் தெள்ளு என்று வைத்துக்கொள்வோம். இது தெற்காசியாவுக்குப் பழைய பூச்சி. நம்முடைய கறிவேப்பிலை மரத்திலும் இருந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

பூச்சியால் மட்டும் பெரிய கேடில்லை. அது காவித் திரியும் பற்றீரியாவில்தான் கேடு இருக்கிறது. அந்தப் பற்றீரியா தோடை மரத்தின் உணவைக் கடத்தும் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும். பழம் சிறுத்து, ஒருபக்கம் கோணி, அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். சாறு கசக்கும். சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். சீனர்கள் இதை 'மஞ்சள் டிராகன் நோய்' என்ற பெயரால் அழைக்கிறார்கள். இன்றுவரை இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. இன்னும் மோசம், தொற்றிய மரம் பல மாதங்களுக்கு, சில வேளை வருடங்களுக்கு, நோயின் அடையாளம் எதையும் காட்டாமல் பச்சைப்பசேலென்று நிற்கும்.

இதிலே கறிவேப்பிலையின் பங்கு விசித்திரமானது. பூச்சிக்குக் கறிவேப்பிலைத் தளிர் மிக விருப்பம். முட்டையிட்டுப் பெருகவும் செய்யும். ஆனால் அந்த நோய் கறிவேப்பிலை மரத்தில் குடிகொள்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது மரத்துக்கு ஒன்றும் ஆகாது. செழிப்பாக, மணமாக, குற்றமற்ற முகத்தோடு நிற்கும். தளிரின் மடிப்புக்குள் கடுகை விடச் சின்னதாக முட்டைகள் இருக்கும். அந்த முட்டைகளோ, அவற்றோடு வந்த பூச்சியோ தான் எல்லை தாண்டக்கூடாதவை.

புளோரிடாவுக்கு நேர்ந்தது

புளோரிடா மாநிலத்தின் பெயரைக் கேட்டாலே அமெரிக்கர்களுக்குத் தோடம்பழச் சாறுதான் நினைவுக்கு வரும். அங்கு இந்தப் பூச்சி முதலில் காணப்பட்டது 1998ஆம் ஆண்டு. அப்போது நோய் இருக்கவில்லை, அல்லது இருப்பதாகத் தெரியவில்லை. பூச்சி பரவிய விதத்தைக் கேளுங்கள். சிங்களத்தில் 'எட்டேரியா' என்று சொல்லும் செடியை அறிந்திருப்பீர்கள். வெள்ளைப் பூப் பூத்து, மல்லிகை போல் மணக்கும் வேலிச்செடி. கறிவேப்பிலைக்கு மிக நெருங்கிய உறவு. அழகுக்காக வளர்க்கும் இச்செடியைத் தென் புளோரிடாவில் சாடிகளில் பெருவாரியாக வளர்த்து, மாநிலமெங்குமுள்ள மலிவு விலைக் கடைகளுக்கு லொறிகளில் அனுப்பினார்கள். பூச்சியும் கூடவே போயிற்று. தன் சிறகால் பறந்து போயிருந்தால் நெடுங்காலம் எடுத்திருக்கும் தூரத்தை லொறியில் ஒரே நாளில் கடந்தது. 2001ஆம் ஆண்டு டெக்சாஸிலும் பூச்சி தென்பட்டது. புளோரிடாவிலிருந்து அங்கு போன எட்டேரியாச் சாடிகளிலும் அதைக் கண்டார்கள்.

2005ஆம் ஆண்டு நோய் தலைகாட்டியது. மாநிலத்தின் தென்முனையில் முதலில் கண்டார்கள். ஆனால் பூச்சி ஏழு வருடங்களாக எங்கும் பரவி, நோய்க்குப் பாதை போட்டு வைத்திருந்தது. அதன் பின்னர் நடந்ததை ஒரு கணக்கில் சொல்லலாம். 2003-04 பருவத்தில் புளோரிடா 24 கோடிக்கும் மேற்பட்ட பெட்டி தோடம்பழம் பறித்தது. ஒரு பெட்டி ஏறக்குறைய 41 கிலோ. 2022-23 பருவத்தில் அது 1 கோடியே 60 இலட்சம் பெட்டியளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த வருடம் வீசிய சூறாவளிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இறக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. மூன்று தலைமுறையாகத் தோடை வளர்த்த குடும்பங்கள் காணியை வீடு கட்டுவோருக்கு விற்றுவிட்டுப் போயின. சாறு பிழியும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன.

இதை வாசித்தபோது எனக்கு நம்முடைய நாட்டின் கதை நினைவுக்கு வந்தது. தேயிலைக்கு முன்னர் மலைநாடு கோப்பியால் நிறைந்திருந்தது என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் ஏறத்தாழ அழிந்தது. அழிந்த தோட்டங்களில் தேயிலை ஏறியது. ஒரு இலை நோய் ஒரு நாட்டின் மலைகளையே உருமாற்றியதை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் யார்?

முதற் பெண்மணியின் மரங்கள்

அமெரிக்காவில் இந்தச் சட்டங்கள் எப்படித் தொடங்கின என்பதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. அதில் இரண்டு பெண்கள் வருகிறார்கள்.

எலைசா சிட்மோர் என்ற எழுத்தாளர் யப்பானுக்குப் பயணம் போய், அங்கு செரி மரங்கள் பூத்திருந்த அழகில் மயங்கி, வாஷிங்டன் நகரின் ஆற்றங்கரையில் இந்த மரங்களை நட வேண்டும் என்று இருபது வருடத்துக்கும் மேலாக அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. 1909ஆம் ஆண்டு ஜனாதிபதியாகிய டாஃப்டின் மனைவி ஹெலன் டாஃப்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முதற் பெண்மணிக்கு யோசனை பிடித்துக்கொண்டது. டோக்கியோ நகரம் அன்பளிப்பாக 2,000 மரங்களைக் கப்பலில் அனுப்பியது. 1910 ஜனவரியில் அவை வாஷிங்டனை வந்தடைந்தன.

விவசாயத் திணைக்களத்தார் பொதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வேரில் பூச்சி, தண்டில் துளைப்பான், புழு, நோய். மரங்களை எரித்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அன்போடு கொடுத்த பரிசை எப்படி எரிப்பது? இராஜதந்திரிகள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் ஜனாதிபதி சம்மதம் கொடுக்க, ஜனவரி 28ஆம் திகதி அத்தனையையும் குவித்துத் தீ வைத்தார்கள். மனைவி ஆசையாக எதிர்பார்த்திருந்த மரங்களை எரிக்கும்படி கணவனே ஒப்பமிட வேண்டி வந்தது. அன்றைக்கு வெள்ளை மாளிகையில் இராச்சாப்பாடு எப்படி இருந்ததோ!

யப்பானியர் கோபிக்கவில்லை. கவனமாக, சுத்தமான நாற்றுக்களாக வளர்த்து 3,020 மரங்களை மீண்டும் அனுப்பினார்கள். 1912 மார்ச் 27ஆம் திகதி ஹெலன் டாஃப்டும் யப்பானியத் தூதுவரின் மனைவியும் முதல் இரண்டு மரங்களை நட்டார்கள். அதே வருடம் ஓகஸ்ட் 20ஆம் திகதி அமெரிக்காவின் முதலாவது தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சட்டம் நிறைவேறியது.

செரி மரம் மட்டும் இதற்குக் காரணமல்ல. 1904ஆம் ஆண்டு நியூயோர்க் விலங்கியற் பூங்காவிலுள்ள செஸ்நட் மரங்களில் ஒரு பட்டை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆசியாவிலிருந்து வந்த நாற்றுக்களோடு வந்த நோய் அது. கிழக்குக் கரை முழுவதும் பரவி, சுமார் ஐம்பது வருடத்துக்குள் 300 முதல் 400 கோடி மரங்களை அது கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து மலிவாக இறக்கிய பைன் நாற்றுக்களோடு இன்னொரு நோயும் வந்திருந்தது. சட்டம் வருவதற்குச் சற்று முன் ஏதோ செடியின் வேர் மண்ணோடு வந்திருக்கக்கூடிய யப்பானிய வண்டு, 1916ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் ஒரு நேர்சரியில் முதன்முதலாகப் பிடிபட்டது. அதற்காக மேற்கு மாநிலங்கள் பல இன்றைக்கும் கிழக்கிலிருந்து வரும் சாடிச் செடிகளுக்குச் சான்றிதழ் கேட்கின்றன.

ஐம்பது மாநிலம், ஐம்பது வாசல்

இப்போது நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பது 2000ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம். மத்திய விவசாயத் திணைக்களம் அதைக் கவனிக்கிறது. எந்த நோய், எந்தப் பூச்சி, எந்தப் பிரதேசம் என்று அது வரையறுத்து, அந்தப் பிரதேசத்துக்குள்ளிருந்து எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று விதிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே சட்டமுண்டு. இங்கேதான் சாதாரண மக்களுக்குத் தலை சுற்றும்.

வீட்டிலே பொழுதுபோக்காகச் செடி வளர்த்து, இணையம் மூலம் நாலு பேருக்கு விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிய பலர் அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். முதலில் அவர் தன்னுடைய மாநிலத்தில் நேர்சரி அனுமதிப்பத்திரம் தேவையா என்று பார்க்க வேண்டும். சில மாநிலங்களில் சிறு அளவில் விற்பவருக்கு விலக்குண்டு. சிலவற்றில் பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பின்னரே ஒரு சாடியைத்தானும் விற்கலாம். இது தன் வாசலைத் தாண்டும் கதை. செடி போய்ச் சேரும் மாநிலத்தின் வாசல் வேறு. அந்த மாநிலம் என்ன கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். விற்பவர் இருக்கும் ஊர் விதி சரி என்று சொன்னாலும் வாங்குபவர் இருக்கும் ஊர் விதி பிழை என்றால் பிழைதான்.

இதனாலேயே அமெரிக்காவில் செடி விற்போரின் விலைப்பட்டியலில், கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ், லூசியானா, புளோரிடா ஆகிய மாநிலங்களுக்குத் தேசி, தோடைக் கன்றுகளை அனுப்ப மாட்டோம் என்று ஒரு வரி அடிக்கடி காணலாம். இவை ஐந்தும் தோடை விளையும் மாநிலங்கள். வடகோடியிலுள்ள சில மாநிலங்களில் கறுப்புக் 'கரண்ட்' என்னும் சிறுபழச் செடிக்கு இன்றும் கட்டுப்பாடு உண்டு. பைன் மரத்தைத் தாக்கும் நோய்க்கு அது இடைவீடு என்பதே காரணம். மத்திய அரசு அத்தடையை 1966இல் நீக்கிவிட்டது. மாநிலங்கள் சில நீக்கவில்லை. ஹவாயிலிருந்து பெருநிலப்பகுதிக்குப் போகும் எவருடைய பெட்டியும் விமான நிலையத்தில் விவசாயப் பரிசோதகர் கண்ணில் படாமல் ஏறாது.

செடிக்கு மட்டுமல்ல, சாடி மண்ணுக்கும் விதி உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து அலபாமா மாநிலத் துறைமுகம் ஒன்றின் வழியாக 1930களில் நுழைந்த செந்நெருப்பெறும்பு, புல்தரை, சாடிமண் இவற்றோடு தென்மாநிலங்கள் முழுவதும் பரவியது. 1958ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பிரதேசத்து மண் மருந்திடாமல் வெளியே போகக்கூடாது. வடகிழக்கு மாநிலங்களில் இன்னும் வேடிக்கை. 1869 அளவில் (நம் கோப்பிக்கு நோய் வந்த அதே காலம்!) மாசச்சூசெற்சில் ஒருவர் பட்டுப்புழு ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஒரு அந்துப்பூச்சி, வீட்டிலிருந்து தப்பி ஓடிவிட்டது. அதன் சந்ததி இன்றும் காடுகளை மொட்டையடிக்கிறது. அது முட்டையிடுவது மரத்தில் மட்டுமல்ல, வெளியில் கிடக்கும் கதிரை, சைக்கிள், பிள்ளையின் ஊஞ்சல் எதிலும் இடும். ஆகவே அந்தப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து போகிறவர்கள், முற்றத்துச் சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து முட்டை இல்லை என்று எழுதிய தாளோடுதான் போக வேண்டும்.

தண்டப்பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியபடி தனியாள் ஒருவருக்கு 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் விற்று இலாபம் பெறும் எண்ணமில்லாமல் முதல் தடவையாகக் கொண்டுபோனவருக்கு 1,000 டொலருக்கு மேல் விதிக்கக்கூடாது. விலைவாசிக்கேற்ப இந்தத் தொகைகளைப் பின்னர் உயர்த்தினார்கள். விற்பவளையும் மகளுக்குக் கொண்டுபோகும் தாயையும் சட்டம் வேறுபடுத்திப் பார்ப்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பூச்சி வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பது வேறு விடயம். பெரியம்மாவுக்குத் தண்டம் ஒன்றும் விதிக்கவில்லை. ஒளிக்காமல் காட்டியவர் என்பதால் கன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

பெரியம்மாவின் கேள்வி

சில மாதங்கள் கழித்து இதையெல்லாம் நான் தொலைபேசியில் விளக்கியபோது பெரியம்மா என்னை இலேசில் விடவில்லை. "கலிபோர்னியாவில அந்தப் பூச்சி இல்லையோ? மகளின்ரை வீட்டுப் பக்கமெல்லாம் அறிவித்தல் ஒட்டியிருக்கே!" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. உண்மைதான். 2008ஆம் ஆண்டிலேயே சான் டியேகோப் பகுதியில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. 2012 மார்ச்சில் லொஸ் ஏஞ்சலிஸ் அருகே ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற இடத்தில், ஒரு வீட்டு வளவில் பல இனங்கள் ஒட்டியிருந்த ஒரு மரத்தில் நோயும் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியானால் பெரியம்மாவின் ஒரு சாடியைப் பிடுங்கி என்ன பயன்?

விடை தூரத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவில் தோடை பெருவாரியாக விளைவது லொஸ் ஏஞ்சலிஸில் அல்ல, அதற்கு வடக்கே உள்ள மத்திய பள்ளத்தாக்கில். புளோரிடாத் தோடை பெரும்பாலும் சாற்றுக்குப் போனது. கலிபோர்னியாத் தோடை பழமாகக் கடைக்குப் போவது. புளோரிடா விழுந்த பிறகு நாட்டிலே ஆகக்கூடுதலாகத் தோடை விளைவிக்கும் மாநிலமும் அதுவே. டெக்சாஸில் 2012 ஜனவரியில் நோய் உறுதியாகியிருந்தது. பூச்சி ஏற்கனவே இருக்கும் ஊருக்கு இன்னும் நாலு பூச்சி போவது பெரிதல்ல. நோய் காவிய நாலு பூச்சி போவதே பெரிது. எல்லையில் நிற்பவருக்கு எந்தச் சாடி எந்த ஊருக்குப் போகும், அதிலுள்ள பூச்சி நோய் காவியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே எல்லாச் சாடியையும் மறிக்கிறார்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2009ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் நோய் மரம் எதுவும் காணப்படுவதற்கு முன்னரே, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பொதியை மோப்ப நாய் ஒன்று காட்டிக்கொடுத்தது. உள்ளே கறிவேப்பிலை. அதிலே இருந்த பூச்சிகளைப் பரிசோதித்தபோது அவை நோய்க் கிருமியைக் காவியிருந்தன. யாரோ ஒரு தாய் அல்லது சகோதரி, அன்பாகக் கட்டி அனுப்பிய இலையாகத்தான் அது இருந்திருக்கும்.

சட்டம் எப்போதும் நியாயமாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். புளோரிடாவில் 1995 முதல் 2006 வரை, தோடையைத் தாக்கும் 'கேங்கர்' என்ற வேறொரு நோயை ஒழிக்கப் போனார்கள். ஒரு மரத்தில் நோய் கண்டால் 1,900 அடி சுற்றளவிலுள்ள தோடைக் குடும்ப மரங்கள் எல்லாவற்றையும் வெட்டினார்கள். நோயில்லாத மரங்களும் தப்பவில்லை. வீட்டு முற்றங்களுக்குள் புகுந்து, பிள்ளை பிறந்தபோது நட்ட மரம், இறந்த கணவர் நட்ட மரம் என்று பார்க்காமல் இலட்சக்கணக்கில் சாய்த்தார்கள். 2004, 2005இல் அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் நோயை மாநிலமெங்கும் வாரி இறைத்துவிட, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வெட்டியது வெட்டியதுதான். சில பிரதேசங்களில் நீதிமன்றம் வரை போய்ப் போராடி மக்கள் நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றார்கள். செடியைக் காக்க வந்த சட்டம் செடி வளர்ப்பவளின் மனத்தை மறந்துபோவதும் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது?

பெரியம்மாவின் இளைய மகள், பிள்ளைக்கு ஒரு வயதாகுமுன் ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னுடைய பகுதியிலேயே அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு நேர்சரியில் கறிவேப்பிலைக் கன்று வாங்கினார். பூச்சி புகாத வலைக்கூடாரத்துக்குள் வளர்த்த கன்று, தண்டில் அடையாள அட்டை. விலை கொஞ்சம் கூடத்தான். அங்கே ஒரு விடயம் சொல்லிக் கொடுத்தார்களாம். இப்படி விற்கும் கன்றுகளுக்கு வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து போடுவதுண்டு. ஆகவே வாங்கியவுடன் இலையைப் பறித்துத் தாளித்துவிடக் கூடாது. எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலுள்ள உங்கள் உறவினர்களுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் கன்று வளர்ந்து பக்கக் கன்றும் வெடித்தாயிற்று. சிநேகிதிகள் கேட்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பிரதேசத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. தேசிப்பழம் கொடுப்பதென்றாலும் இலையும் காம்பும் நீக்கி, கழுவித்தான் கொடுக்கிறார். கிழமைக்கு ஒருமுறை தளிரைத் திருப்பிப் பார்க்கிறார். வெள்ளை நூல் போல மெழுகுக் கழிவு தொங்கினால் அது அந்தப் பூச்சியின் குஞ்சுகளின் வேலை.

இங்கிருந்து பயணம் போகும் வாசகியர் சிலருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவுக்குப் போகும்போது கறிவேப்பிலைக் கன்றோ பச்சை இலையோ கொண்டுபோக அனுமதி இல்லை. பெட்டியில் உணவுப் பொருள், இலை, விதை எது இருந்தாலும் சுங்கப் படிவத்தில் அல்லது அதிகாரி கேட்கும்போது சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் பொருள்தான் போகும். ஒளித்துப் பிடிபட்டால் தண்டமும் சேரும். திரும்பி வரும்போதும் கவனம். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து செடியோ நாற்றோ கொண்டுவர, முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்திடம் அனுமதி பெற வேண்டும். செடி புறப்படும் நாட்டின் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். ஓர்க்கிட், அந்தூரியம் என்று ஆசைப்பட்டு பையில் செருகிக்கொண்டு வரும் நம் சகோதரிகள் இதை அறிவது குறைவு.

நாட்டுக்குள்ளேயும் இப்படியொரு எல்லை நமக்கு இருக்கிறது. தெற்கே வெலிகமப் பகுதியில் 2006 அளவில் தென்னோலை வாடல் நோய் வெளிப்பட்ட பிறகு, காலி, மாத்தறை, ஹம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னை முதலான பனைக் குடும்பத்துக் கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார்கள். மாத்தறையில் கல்யாணத்துக்குப் போய், நல்ல செவ்விளநீர்க் கன்று கண்டு, வானில் ஏற்றிக்கொண்டு வர நினைப்பவர்கள் எத்தனை பேர்! வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்துக்குப் பிறகு புதிதாகத் தென்னை வைத்தவர்களுக்கு அந்த ஒரு கன்று என்ன கொண்டுவரும் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. போன வருடம் என் சித்தி கொழும்பிலிருந்து அவரிடம் போகப் புறப்பட்டபோது, வழக்கம்போல என்ன கொண்டுவர என்று கேட்டார். முன்பென்றால் பட்டியல் ஒரு முழத்துக்கு நீளும். இம்முறை பெரியம்மா சொன்னது எனக்கும் கேட்டது. "ரெண்டு நூல் சேலை காணும். கறிவேப்பிலை ஒண்டும் கட்டிக்கொண்டு வந்திடாதை, என்ன? இஞ்ச முற்றத்தில நிக்குது. வந்து வேண்டிய மட்டும் பறி, ஆனா இந்த வளவுக்குள்ள சமைச்சுச் சாப்பிட்டுப் போட்டுப் போகோணும்."